யாரும் வைக்காத பெயர்

"சார், பொண்ணு பொறந்திருக்கா!"

ராத்திரி பத்தரை மணிக்கு போன். தேனிப் பக்கத்து இளைஞர். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. நான் எழுதுவதைப் படித்துவிட்டு அவ்வப்போது கூப்பிட்டுச் சண்டை போடுபவர். வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஒரு பேரு வேணும் சார். தமிழ்ப் பேரு. இலக்கியத்துல இருக்கணும், ஆனா வேற யாரும் வச்சிருக்கக் கூடாது. யாழினி வேண்டாம், எங்க அபார்ட்மென்ட்லயே மூணு யாழினி. மகிழினி என் மேனேஜர் பொண்ணு. பொன்னியின் செல்வன்லேர்ந்தும் வேண்டாம், படம் வந்ததுக்கப்புறம் எல்லாரும் அங்கதான் கை வைக்கிறாங்க."

"எப்ப வேணும்?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள."

அவ்வளவு அவசரம் எதற்கு என்றேன். நம் சட்டத்தில் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்து கொள்ளலாம். 12 மாதத்துக்குள் கட்டணமே இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கும் மேல் யோசிக்கிறவர்களுக்குத் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை அவகாசம் உண்டு. அதற்குள் பிள்ளையே தனக்குப் பிடித்த பெயரைச் சொல்லிவிடும்.

"அதில்ல சார். ஞாயித்துக்கிழமை எங்கப்பா ஊர்லேர்ந்து வர்றாரு. அவரு ஏற்கெனவே ஒரு பேரு முடிவு பண்ணிட்டாரு. அவங்க ஆத்தா பேரு. எங்க அப்பத்தா."

"நல்ல விஷயம்தானே! அப்பத்தா பேர் என்ன?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"போதும்பொண்ணு சார்."

* * *

மதுரை, தேனிப் பக்கம் போனால் இந்தப் பெயரில் நிறையக் கிழவிகளைப் பார்க்கலாம். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்துகொண்டிருந்தால், "சாமி, பொண்ணு போதும், அடுத்ததைப் பையனாக் குடு" என்று கடவுளுக்கு எழுதிப் போட்ட மனு அது. மனுவைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியது அந்தக் குழந்தை. வடக்கே திருத்தணிப் பக்கம் இன்னும் நேரடி. 'வேண்டாம்' என்றே பெயர் வைத்துவிடுவார்கள்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. பேரன் என்கிற சொல்லே 'பெயரன்'தான். பாட்டன் பெயரைச் சுமப்பவன் பெயரன், பாட்டி பெயரைச் சுமப்பவள் பெயர்த்தி. நாம் தேய்த்துத் தேய்த்துப் பேரன், பேத்தி ஆக்கிவிட்டோம். மகனுடைய மகன் என்கிற உறவுக்கே 'பெயர் தாங்கி' என்று சொல் வைத்திருக்கிற மொழி இது. அப்பா பெயரை மகனுக்கு வைக்காமல் ஒரு தலைமுறை தாண்டித் தாத்தா பெயரை வைப்பது. முதல் பேரனுக்கு அப்பாவழித் தாத்தா, அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா என்று கறாராக வரிசை பார்க்கிற குடும்பங்கள் உண்டு. பழைய பத்திரங்களைப் புரட்டினால் 'ராமசாமி மகன் முத்து, முத்து மகன் ராமசாமி' என்று ரெண்டே பெயர் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். எந்த ராமசாமி நிலத்தை விற்றான் என்று கண்டுபிடிப்பதற்குள் வக்கீலுக்குத் தலை சுற்றிவிடும்.

இதில் ஒரு சிக்கல் வேறு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. அவர் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டால் பெற்றவள் எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் வீட்டுக்கு ஒரு பெயர், வெளியே ஒரு பெயர். 'தம்பி', 'ராசா', 'பெரியவன்' எல்லாம் செல்லப் பெயர்கள் என்று நினைக்கிறோம். பாதி பயத்தில் வந்தவை.

அரசர்களும் இதற்கு விலக்கில்லை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவை. அவனுடைய மகளும் குந்தவைதான், கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு மணம் முடித்துக் கொடுக்கப்பட்டவள். இவர்களுக்கு முன்னால், பாட்டன் அரிஞ்சயனின் தேவியரில் ஒருத்தி வீமன் குந்தவை. அரண்மனையில் 'குந்தவை!' என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

* * *

ஆனால் இலக்கியத்திலிருந்து யாரும் வைக்காத பெயரைத் தேடுகிற ஆசையும் இந்தக் காலத்துப் பெற்றோர் கண்டுபிடித்ததல்ல.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் காலம் பத்தாம் நூற்றாண்டு. கரிகாலன் என்ற அந்தப் பழைய சோழன் அவனுக்குப் பல நூற்றாண்டு முந்தியவன். காவிரிக்குக் கரை கட்டியவன் என்று செப்பேடுகளிலும் பாட்டுகளிலும் மட்டும் வாழ்ந்துகொண்டிருந்த பெயர். தஞ்சாவூரில் புதிதாகத் தலையெடுத்த சோழர் வீட்டில் அதைத் தூசி தட்டி எடுத்து, மூத்த பிள்ளையோடு சேர்த்தார்கள். நாங்கள் நேற்று முளைத்தவர்கள் இல்லை, அந்தக் கரிகாலன் வழியில் வந்தவர்கள் என்று ஊருக்குச் சொல்ல ஒரு பெயர் போதுமானதாக இருந்தது. நம் தேனி நண்பர் செய்யப் பார்க்கிற அதே வேலை.

ராஜராஜனின் சொந்தப் பெயர் விஷயத்தில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. 'அருள்மொழி' என்று இன்று பிள்ளைகளுக்கு ஆசை ஆசையாக வைக்கிறோம். அது கல்கி 1950-ல் தொடங்கி 1954 வரை தொடர்கதையாக எழுதி நம் வாயில் போட்ட வடிவம். சோழநாட்டு வளநாடு ஒன்றுக்கு அவன் பெயரை வைத்தபோது கல்லில் வெட்டியது 'அருமொழிதேவ வளநாடு'. அருமொழி. அரிய மொழி. யாரும் வைக்காத பெயர் வேண்டுமென்றால், ஒரே ஒரு எழுத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். கல்கிக்கு முந்திய ஆளாகிவிடலாம்.

கல்கியின் செல்வாக்குக்கு இன்னொரு சாட்சி நந்தினி. அந்தக் கதையில் சோழ குலத்தையே கருவறுக்கத் துடிப்பவள் அவள். கதையைப் படித்த அம்மாக்கள் நந்தினி என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கத் தயங்கவே இல்லை. கற்புக்கரசி என்று கும்பிடுகிற கண்ணகியின் பெயரை வைக்கத்தான் யோசித்தார்கள். "அவ பட்ட பாடு இவளும் படணுமா?"

* * *

பெயர்களைத் தேடி நான் அடிக்கடி போகிற இடம் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர். அங்கே ஒரு நீளமான கல்வெட்டு. ராஜராஜன் தன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1014-ஐ ஒட்டி, சோழமண்டலத்துக் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். கோயிலைச் சுற்றி அவர்களுக்குத் தளிச்சேரி என்ற குடியிருப்பு. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருடம் நூறு கலம் நெல்.

அந்தப் பெயர்களைப் பாருங்கள். சேரமங்கை. இரணமுகராமி. உதாரி. சோழகுலசுந்தரி. ஏகவீரி. ராசகேசரி. ஒரு பெண்ணுக்கு ராஜாவின் பட்டப் பெயரையே வைத்திருக்கிறார்கள்! இன்னொருத்தியின் பெயர் எடுத்தபாதம். தில்லைக் கூத்தன் தூக்கிய திருவடி. தேவாரம் பாடிப் பாடி ஊறிய ஓர் ஊரில்தான் ஒரு பெண் குழந்தையை 'எடுத்தபாதம், இங்கே வா' என்று கூப்பிட முடியும்.

இந்தப் பெயர்களுக்கு முன்னால் 'நக்கன்' என்று ஒரு சொல் வரும். நக்கன் என்றால் சிவன். தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் கடவுள் பெயர். கோயிலுக்கு விடப்பட்டவள், கேட்பதற்குச் சொந்தத் தகப்பன் இல்லை என்று அதற்கு அர்த்தம். இவ்வளவு அழகான பெயர்களைச் சூட்டியவர்கள் யார், பெற்றவர்களா, கோயிலா? கல் அதைச் சொல்லவில்லை. ஆயிரம் வருடம் கழித்தும் தனித்தனியாகப் பெயர் தெரிகிற சாதாரணத் தமிழ்ப் பெண்கள் 400 பேர் ஒரே இடத்தில் இவர்கள்தான். ஆனால் ஏகவீரி என்று பெயர் வைத்த ஒரு வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. நண்பரிடம் சொன்னேன். "டெரரா இருக்கே சார்" என்றார்.

* * *

"சரி சார், செழியன், பாரி, இளங்கோ எல்லாம் காலங்காலமா இருக்கிற பேருதானே?"

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா காலத்து ஊர்க் கணக்கில் செழியனையும் இளங்கோவையும் தேடினால் கிடைப்பது கஷ்டம். முனியன், கருப்பன், சுப்பன், வெங்கடாசலம், மீனாட்சி, பொன்னம்மாள் கிடைப்பார்கள். சங்க காலத்துப் பெயர்கள் ஏட்டுச் சுவடிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. சிலப்பதிகாரம் முழுசாக அச்சில் வந்தது 1892. புறநானூறு 1894. இரண்டும் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தவை. புத்தகமாக வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போய், மேடையில் முழங்கிய பிறகுதான் அவை தொட்டிலுக்கு வந்தன.

அந்த உ.வே.சா.வுக்கே வைத்த பெயர் வேறு. வேங்கடராமன். 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போனபோது, "வேறு பெயர் ஏதாவது உண்டா?" என்று ஆசிரியர் கேட்டார். வீட்டில் சாமிநாதன் என்று கூப்பிடுவார்கள் என்றார் பையன். ஆசிரியருக்கு அது பிடித்துப்போயிற்று, அன்று முதல் சாமிநாதன். வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த பெயர் வெளியே வந்து, தமிழ்நாடு முழுக்கச் சுற்றிவிட்டது!

அடுத்த தலைமுறையில் பெரியவர்களே தங்கள் பெயரைப் பிரித்து மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். சூரியநாராயண சாஸ்திரி தன்னைப் பரிதிமாற் கலைஞன் ஆக்கிக்கொண்டார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞன். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய வேதாசலம், வேதத்தை மறையாக்கி, அசலத்தை மலையாக்கி மறைமலை அடிகள் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியே வந்த ஒரு தலைமுறையில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். சிறு பையன் என்று ஏளனம் செய்தவர்களையெல்லாம் தலையாலங்கானத்தில் தோற்கடித்த பாண்டியன் பெயர் நெடுஞ்செழியன். இருபது வயதுப் பையனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

இதை வெறும் மொழிப் பற்று என்று முடித்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் ஒருவர் பெயரைக் கேட்டாலே ஜாதியைச் சொல்லிவிடலாம். பெயருக்குப் பின்னால் வால் இருந்தால் ரொம்பச் சுலபம். வால் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுவார்கள். பண்ணையில் வேலை செய்கிறவன் தன் பிள்ளைக்கு 'சாமி' என்று முடிகிற பெயர் வைத்தால், "உன் புள்ளைய நான் சாமின்னு கூப்பிடணுமா?" என்று அதை வெட்டிக் கூப்பிட்ட ஊர்கள் இருந்தன. 1929-ல் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் ஜாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. வாலை வெட்டலாம், சரி. முன்னால் இருக்கிற பெயரை என்ன செய்வது? அங்கேதான் புறநானூறு கைகொடுத்தது. செழியன் என்றால் எந்தத் தெரு, எந்தக் கிணறு என்று யாருக்குத் தெரியும்? இரண்டாயிரம் வருடம் யாரும் பயன்படுத்தாமல் கிடந்ததுதான் அந்தப் பெயர்களின் பலம். அவற்றில் யாருடைய அழுக்கும் ஒட்டியிருக்கவில்லை.

குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி என்ற பெயர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவை எல்லாமே இளக்காரத்தில் வைத்தவை இல்லை. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போயிருக்கும். அடுத்ததைக் குப்பை மேட்டில் கிடத்தி எடுத்து, 'இது ஒண்ணுக்கும் உதவாதது' என்று எமனை ஏமாற்றப் பெயர் வைப்பார்கள். மூக்கைக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்பார்கள். பயந்துபோன அன்பு அது. போதும்பொண்ணு அந்த ரகம்கூட இல்லை.

* * *

சனிக்கிழமை வரைக்கும் நானும் நண்பரும் பட்டியல் போட்டோம். அங்கவை, சங்கவை சொன்னேன். பாரியின் மகள்கள் என்று பிற்காலத்து மரபு சொல்கிற பெயர்கள். "ஐயோ சார், சிவாஜி படம்!" என்றார். 2007-ல் வந்த அந்தப் படத்தில் இந்த இரண்டு பெயர்களையும் இரண்டு பெண்களுக்கு வைத்து, அவர்களைக் கறுப்பு என்று காட்டிச் சிரிக்க வைத்திருந்தார்கள். தியேட்டரே சிரித்தது. தகப்பனையும் மலையையும் இழந்து நின்ற பெண்களின் பெயரில் இனி இரண்டு தலைமுறைக்குப் பிள்ளைகள் கிடையாது. ஒரு பெயரை உயிர்ப்பிக்க ஐம்பது வருடம் ஆகும், கொல்வதற்குப் பத்து நிமிஷம் போதும்.

சங்கப் புலவர்கள் பக்கம் போனோம். அங்கே ஒரு வேடிக்கை. தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுகளை எழுதியவர் யாரென்றே தெரியவில்லை. பாட்டிலிருந்தே ஒரு சொல்லை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயல் நீரார் அப்படி வந்தவர். செம்மண்ணில் பெய்த மழைக்காரர்! "நல்லாயிருக்கு, ஆனா ஸ்கூல்ல கூப்பிட முடியாதே" என்றார் நண்பர். வெள்ளிவீதி சொன்னேன். "மதுரையில தெரு பேரு மாதிரி இருக்கு." ஆதிமந்தி? அவர் மனைவி பின்னாலிருந்து, "மந்தின்னா குரங்குங்க" என்றார். நச்செள்ளை? மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு நானே வேண்டாம் என்றேன்.

அப்புறம்தான் அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. அள்ளூர் நன்முல்லையார். குறுந்தொகையில் இருக்கிறார், அகநானூற்றில் இருக்கிறார். மரியாதை விகுதியையும் ஊரையும் எடுத்துவிட்டால் நன்முல்லை. நல்ல முல்லைப் பூ. எந்த மொழி எழுத்தில் எழுதினாலும் உடையாது. 'ழ' இல்லாததால் வெளிநாட்டுக்காரனும் பிழைத்தான்.

போனில் மனைவி சொல்லிப் பார்ப்பது கேட்டது. "நன்முல்லை. அடி முல்லை. முல்லைக்குட்டி."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னார் நண்பர். அப்பாவைச் சமாளிக்க ஆள் பலம். அப்பா வந்திருந்தார், கூடவே எதிர்பாராமல் அப்பத்தாவும். எண்பத்தைந்து வயது. தேனியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வந்திருக்கிறார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா ஆரம்பித்தார். "எங்க ஆத்தா பேரு விட்டுப்போகக் கூடாது சார். ரெக்கார்டுல இருக்கட்டும், கூப்பிடறது நீங்க எதை வேணாலும் கூப்பிட்டுக்கங்க." நான் பெயரன் பெயர்த்தி என்று இழுக்கத் தொடங்கியபோது கிழவி குறுக்கே புகுந்தார்.

"ஏலே, எம் பேரு எதுக்குடா இதுக்கு? நா நாலாவது பொட்டை. எங்கய்யா மொகத்தக்கூடப் பாக்காம வச்ச பேரு. அதுக்கப்புறமும் ரெண்டு பொட்டையாத்தான் பொறந்துச்சு. எம் பேரு என்னோட போகட்டும்."

மகன் ஒன்றும் பேசவில்லை. கிழவி என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன பேரு சொன்னீகளாம்?"

"நன்முல்லைங்கம்மா."

"யாரு அவ?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி இருந்தவங்க. பாட்டுக் கட்டுவாங்க. அவங்க கட்டின பாட்டு இன்னைக்கும் புஸ்தகத்துல இருக்கு."

"அவளுக்கு இந்தப் பேர யாரு வச்சது?"

தெரியாது என்றேன். அப்பத்தா பிள்ளையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவ அய்யன் ஆசையாத்தான் வச்சிருக்கான்" என்றார்.